அப்பாவின் இன்னொரு பிள்ளை

கனடாவிலிருந்து தம்பி தொலைபேசி எடுத்தபோது நான் பயிற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக எடுத்ததும் இங்கத்தைய வெயிலைப் பற்றிக் கேட்பவன், அன்றைக்கு, "அக்கா, பக்கத்திலை ஒருத்தரும் இல்லையே?" என்று கேட்டான். இல்லை என்றேன்.

"அப்பாவுக்கு வேறை ஒரு பிள்ளை இருந்திருக்காம்."

நான் எழும்பிய வேகத்தில் சுளகு கவிழ்ந்து பயிற்றங்காய் முழுக்க நிலத்தில் கொட்டியது. எங்கள் அப்பாவை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தோட்டமும் கோயிலும் தவிர மூன்றாவது இடம் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. படம் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும் என்று நம்பியவர். பக்கத்து வீட்டுப் பெண்களோடு கதைப்பதென்றால் தலையைக் குனிந்துகொண்டு வேலிக்குச் சொல்வதுபோலத்தான் சொல்வார்.

"விசர்க்கதை கதையாதை. ஆர் சொன்னது?"

"டிஎன்ஏ சொல்லுது, அக்கா."

நடந்தது இதுதான். தம்பியின் பிறந்தநாளுக்கு அவனுடைய பிள்ளைகள் ஒரு சின்னப் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதிலுள்ள குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால், உங்கள் முன்னோர்கள் எங்கத்தைய ஆட்கள் என்று பதில் வரும். அவனுக்குத் தென்னாசியன் என்று வந்தது. அதைக் கண்ணாடியில் பார்த்தே சொல்லியிருக்கலாமே என்று அப்போதே நான் கேலி செய்தேன். பிள்ளைகள் அதோடு விடவில்லை. யாரும் தேடிப் பார்க்கக்கூடிய ஒரு பொதுத் தரவுத்தளத்திலும் அவனுடைய டிஎன்ஏ விபரத்தை ஏற்றிவிட்டார்கள். தூரத்துச் சொந்தங்களைக் கண்டுபிடிக்கலாமாம். எங்களுக்கு இருக்கிற சொந்தம் காணாதென்றுதானே!

அந்தத் தளத்தில்தான் ஐரோப்பாவில் இருக்கும் ஒரு பெண்மணி அவனைக் கண்டு மின்னஞ்சல் எழுதியிருந்தார். பல வருடங்களுக்கு முன் கிழக்கு ஐரோப்பாவில், ஒரு எல்லைக் காட்டுக்குள், பனி உருகிய காலத்தில் ஓர் இளைஞனின் உடலைக் கண்டெடுத்திருக்கிறார்கள். கையில் எந்தப் பத்திரமும் இல்லை. பெயர் தெரியாமலே அயல் கிராமத்துச் சேமக்காலையில் புதைத்துவிட்டார்கள். இப்போது அந்த நாட்டுப் பொலிஸ் பழைய வழக்குகளைத் திரும்ப எடுத்து, எலும்பிலிருந்து டிஎன்ஏ பிரித்து, உறவு தேடித் தரும்படி அந்தப் பெண்மணியைப் போன்ற தொண்டர்களிடம் கொடுத்திருந்தது. அது எங்கள் தம்பியோடு மிக நெருக்கமாகப் பொருந்துகிறது. ஒரே தகப்பனுக்கு வேறுவேறு தாய்மாரிடம் பிறந்த சகோதரர்களுக்கு இருக்கிற அளவு நெருக்கம். உங்கள் தந்தைக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கக்கூடுமா என்று அவர் மிகவும் பணிவாகக் கேட்டிருந்தார்.

தம்பி அரைவாசி நம்பிவிட்டான். "அப்பா கொழும்புக்கு வெங்காயம் கொண்டு போறவர்தானே, அக்கா."

"வெங்காயம் வித்துப்போட்டு அண்டைக்கே ரெயில் ஏறினவர். அந்த மனிசியோடை நான் கதைக்கிறன். ஒழுங்கு செய்."

பெற்ற தகப்பனை ஒரு இயந்திரத்தின் சொல்லைக் கேட்டுச் சந்தேகிக்கிறானே என்று எனக்கு ஆத்திரம். நான் தெல்லிப்பழைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பிழையான விடையைக் கண்டால் எங்கே பிழைத்தது என்று காணும்வரை எனக்கு நித்திரை வராது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்மணி என் தொலைபேசித் திரையில் வந்தார். என் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒரு பல் வைத்தியசாலையில் வேலையாம். வேலை முடிந்து வந்து, சம்பளம் ஒன்றும் இல்லாமல், பெயர் தெரியாத பிணங்களுக்குப் பெயர் தேடுகிறார். சண்டை பிடிக்கவென்று உட்கார்ந்த எனக்கு, அதைக் கேட்டதும் குரல் தானாகவே இறங்கிவிட்டது. எங்கள் குடும்பக் கிளையை மரம்போலக் கடுதாசியில் கீறி வைத்திருந்தார். அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வெறும் பெட்டி, அதற்குள் ஒரு கேள்விக்குறி.

என் தடக்குப்பட்ட ஆங்கிலத்தில் அவருடைய கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர்கள்? ஒரு தங்கச்சி, எங்கள் மாமி. அம்மாவுக்கு? ஒரு தமையன். அவர்கள் கலியாணம் செய்தார்களா? ஓம். யாரை?

"ஒருவரை ஒருவர்தான்," என்றேன்.

அவருடைய பென்சில் நின்றது. திரும்பவும் சொல்லச் சொன்னார். நான் விளக்கினேன். எங்கள் பக்கத்தில் இதை மாற்றுச் சம்பந்தம் என்போம். ஒரு வீட்டு அண்ணனும் தங்கையும் இன்னொரு வீட்டுத் தங்கையையும் அண்ணனையும் கட்டுவது. பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் இரண்டு வீட்டுக்கும் சீதனக் கரைச்சல் இல்லை. கோப்பாய்க்காரரான அப்பா சாவகச்சேரியிலிருந்து அம்மாவைக் கட்ட, அம்மாவின் தமையன் அப்பாவின் தங்கச்சியைக் கட்டினார். ஒரே பந்தலில் இரண்டு தாலி. எங்களுக்கு இது சோறும் கறியும்போலச் சாதாரணம், அதனால் தம்பி சொல்ல நினைக்கவில்லை. அவருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, அதனால் கேட்க நினைக்கவில்லை.

அவர் கிளையைப் புதிதாகக் கீறினார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டிமார் அதே நால்வர்தான். வெறும் மச்சான் மச்சாளுக்கு இருப்பதைவிட இரண்டு மடங்கு பொருத்தம் வரும், அது தகப்பன் மட்டும் ஒன்றான சகோதரர்களின் அளவுக்கே வந்து நிற்கும். அதோடு இன்னொன்றும் சொன்னார். தம்பியின் விபரத்தில் சில இடங்கள் தாய்வழி தகப்பன்வழி இரண்டாலும் பொருந்தியிருந்தனவாம். தகப்பன் மட்டும் ஒன்றென்றால் அப்படி வராது. அது ஏனென்று தெரியாமல் கிழமைக்கணக்காகத் தலையைப் பிய்த்திருக்கிறார். இப்போது அந்த இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, விடை சரிவந்த மாணவிபோல முகமெல்லாம் சிரிப்பாக நிமிர்ந்தார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. அப்பா தப்பிவிட்டார். தம்பியை என்னென்ன சொல்லி ஏசுவது என்று மனதுக்குள் அடுக்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் அவர் கேட்டார். "உங்கள் மாமிக்கு எத்தனை பிள்ளைகள்?"

"ஒரு மகன்."

"அவர் இப்போது எங்கே?"

அப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் மச்சானை நான் நினைக்கவே இல்லை.

மச்சான் தம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவன். தம்பி வெளிநாடு போய்ச் சேர்ந்ததும் அப்பா சாவகச்சேரிக்குப் போய் மாமியிடம், "என்ரை பெடியன் சுகமாய்ப் போய்ச் சேர்ந்திட்டான். உன்ரையும் போகட்டும்," என்று ஒற்றைக்காலில் நின்றார். சண்டைக்காலம், ஒற்றைப் பிள்ளை. மாமி மாட்டேன் என்றார். அப்பாதான் தம்பியை அனுப்பிய அதே ஏஜென்சிக்காரனைப் பிடித்து அனுப்பிவைத்தார். பிறகு செய்தி இல்லை. ஆபிரிக்காவில் பிடிபட்டு மறியலில் இருக்கிறான் என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். அதை நம்பித் தெரிந்த தெரியாத எல்லாரையும் கொண்டு ஆபிரிக்கச் சிறைகளில் தேடுவித்தோம். ஐரோப்பாவை நாங்கள் நினைத்தும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து மாமி எங்கள் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கு வந்தவர் படலைக்கு வெளியே தெருவில் நின்று அழுதுவிட்டு, அப்படியே பஸ் ஏறிப் போனார். மாமா செத்தபிறகும் தனியாகத்தான் இருந்தார். மகனுக்கு மரணப் பதிவு எடுக்கச் சொல்லி வந்த அதிகாரிகளை, "செத்தவனுக்கெல்லோ சேட்டிபிக்கற். என்ரை பிள்ளை வழியிலை நிக்கிறான்," என்று திருப்பி அனுப்பினார்.

உறுதிப்படுத்தத் தாயின் எச்சில் வேண்டும் என்று அந்தப் பெண்மணி சொன்னார். குழாய் தபாலில் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு சாவகச்சேரிக்குப் பஸ் ஏறினேன். பொய்யாகிப் போனால் மாமியின் மனம் என்னாகும் என்ற பயத்தில், சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, சோதிக்கிறோம் என்று சொல்லத் தீர்மானித்திருந்தேன். எண்பது கடந்த கிழவியை ஏய்க்க என்ன கஷ்டம் என்ற நினைப்பு.

மாமி குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சீனிக்கு ரத்தமெல்லோ குத்தி எடுக்கிறவை. எச்சிலைப் போய் ஆரும் தபாலிலை அனுப்புவினமே? என்ன பிள்ளை, அவன்ரை விஷயமோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். மாமி குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. ஆபிரிக்கா இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை. நான் முடித்ததும், "அங்கை நல்ல குளிரோ?" என்றார்.

"ஓம் மாமி."

"உவன் மார்கழிக் குளிருக்கே போர்வையை விடமாட்டான்."

பிறகு குழாயைக் காட்டி, "தா உதை," என்று கையை நீட்டினார்.

ஆசாரமான மனுஷி. ஒருவர் வாய் வைத்த செம்பை இன்னொருவர் தொட விடமாட்டார். அப்படிப்பட்டவர் குழாயை வாயில் வைத்துத் துப்பப் பார்த்தார். எச்சில் வரவில்லை. வெள்ளி விரதம், காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் படாத வாய். முதுமை வேறு. திரும்பத் திரும்ப முயன்றார். கண்தான் நிரம்பி வழிந்தது. முந்தானையால் துடைத்தபடி என்னிடம் கேட்டார். "கண்ணீரிலை பாக்கேலாதோ பிள்ளை? அதெண்டால் எவ்வளவும் இருக்கு."

நான் அழுதுவிட்டேன். பிறகு வளவில் இறங்கி ஒரு பச்சை மாங்காயை ஆய்ந்துவந்து, கீற்றாக வெட்டி உப்பும் தூளும் தடவி அவருடைய மூக்குக்கு முன்னால் பிடித்தேன். சாப்பிடக்கூடாது, பார்க்கலாம். மாமிக்கு வாய் ஊறியது. சிரித்துக்கொண்டே குழாயை நிரப்பினார். அந்த மரத்து மாங்காய்க்காக மகனும் என் தம்பியும் சண்டை பிடித்த கதையை, மூடி பூட்டி முடிந்ததும் சொன்னார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு மாமி அவனைப் பற்றிச் சிரித்துக் கதைத்தது அன்றைக்குத்தான்.

பதில் வர மாதங்கள் எடுத்தன. முடிவைத் தானே தாயிடம் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்மணி கேட்டுக்கொண்டதால், நான் சாவகச்சேரிக்குப் போய் மாமிக்குப் பக்கத்தில் இருந்து தொலைபேசியைப் பிடித்தேன். அவர் திரையில் வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா," என்றார். தமிழில்தான் சொன்னார். அந்த ஒரு சொல்லை யாரிடமோ கேட்டுப் பழகியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. மாமிக்கு விளங்கிவிட்டது.

மாமி ஓலமிட்டு அழுவார் என்று நினைத்தேன். அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார், அவ்வளவுதான். அந்தக் கிராமத்துக் குடும்பம் ஒன்று, இறந்தோரை நினைக்கும் நாளில் தங்கள் ஆட்களின் கல்லறைக்கு விளக்கு வைக்கும்போதெல்லாம், பெயரில்லாத அந்தக் குழிக்கும் ஒன்று வைத்து வந்ததாம். அதை நான் தமிழில் சொன்னதும் மாமி தொலைபேசியைப் பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். அந்தப் பக்கம் அவரும் கும்பிட்டார். முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்காக இத்தனை பேர் இவ்வளவு செய்திருக்கிறார்கள்.

திரை அணைந்தபிறகு மாமி தம்பியின் எச்சிலைப் பற்றித் திரும்பவும் கேட்டார். அவனுக்கும் மச்சானுக்கும் எப்படிப் பொருந்தியது என்று. அப்பாவின் ரத்தமும் அம்மாவின் ரத்தமும் இரண்டு வீட்டிலும் ஓடியதால் என்றேன்.

"அண்ணைக்குப் பொம்பிளை எடுக்க என்னை மாத்திக் குடுத்தினம் எண்டு நான் எவ்வளவு காலம் திட்டியிருப்பன்," என்றார். பிறகு எழுந்து சீலையைச் சரிசெய்தார். "கோப்பாய்க்கு இப்ப பஸ் இருக்கோ?"

எங்கள் படலைக்கு முன்னால் மாமி கொஞ்சம் தயங்கினார். நான் பிடிக்கப் போன கையைத் தட்டிவிட்டுத் தானாகவே உள்ளே வந்தார். சுவாமி அறைக்குப் பக்கத்துச் சுவரில் அப்பாவின் படம். அதற்கு முன்னால் போய் நின்று, ஆள் எதிரில் நிற்பதுபோலவே கதைத்தார்.

"அண்ணை, அனுப்பினதும் நீங்கள்தான். தேடித் தந்ததும் நீங்கள்தான்."

படத்தடியில் இருந்த திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு கதிரையில் இருந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "தேத்தண்ணி வை, பிள்ளை," என்றார்.