ராசாத்தியின் மொய் விருந்தும் நோட்டு எண்ணும் மிஷினும்

வல்லத்திராக்கோட்டை ராசாத்திக்கு ஐம்பத்தாறு வயது. முந்திரிக்கொட்டை வாங்கி, உடைத்து விற்பவள். யார் மொய் விருந்து வைத்தாலும் முதல் பந்தியில் கறிச்சோறு தின்றுவிட்டு முதல் ஆளாக மொய் எழுதுவாள். அந்தப் பக்கத்து வழக்கம் அது. இன்று ஒருவர் விருந்து வைத்தால் ஊர் அவருக்கு எழுதும். சில வருஷம் கழித்து ஊரில் ஒவ்வொருவரும் விருந்து வைக்கும்போது அவர் வாங்கியதற்கு மேல் கொஞ்சம் கூட்டித் திருப்பி எழுதுவார். வட்டி இல்லை, பத்திரம் இல்லை.

அப்படி அவள் வெளியே விட்டிருந்தது ஐந்து லட்சம். இந்த ஆவணியில் தானும் விருந்து வைத்து அதைத் திரட்டி ஆழ்துளைக் கிணறு போட நினைத்தாள். வளையலை அடகு வைத்து ஆடு வாங்கிவிட்டாள். அப்போது பார்த்துப் பக்கத்து ஊர் விருந்தில் வரவேண்டியதில் பாதிதான் தேறியது. புயல், கொரோனா என்று அடிவாங்கி இப்போதுதான் எழுந்து உட்கார்ந்த ஊர்கள். "இனி மொய் படுத்துப்போச்சுப்பா" என்று டீக்கடை அய்யாக்கண்ணு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் டீயோடு சேர்த்து ஊற்றினார். ராசாத்திக்கு அதிகம் திருப்ப வேண்டியவரும் அவர்தான்: ஒரு லட்சம். அவர் எழுதினால் ஊர் எழுதும். இல்லாவிட்டால் ஊரே பையை இறுக்கிக்கொள்ளும்.

விருந்துக்கு முதல் நாள் டிவியில் ரிசர்வ் வங்கிச் செய்தி ஓடியது. பொருளாதாரம் மீள்கிறதாம், வங்கிகள் உறுதியாக இருக்கின்றனவாம்.

"இதையே ஏன்டி திரும்பத் திரும்பச் சொல்றாக?"

மகள் சுகுணா கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவள். "நெலமை நல்லாருக்குன்னு சனம் நம்புனாத்தாம்மா காசை வெளிய எடுக்கும். பயந்து பொத்திக்கிட்டா, நல்லா இருந்ததுகூடப் படுத்துரும்."

"அம்புட்டுத்தானா? இதுக்கா பம்பாய்ல அம்மாம் பெரிய கட்டடம்?"

மறுநாள் காலை மண்டபத்தில் மொய் எழுதும் மேஜைமேல் ராசாத்தி நோட்டு எண்ணும் வாடகை மிஷினை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். சமையல்காரருக்குக் கொடுக்க வைத்திருந்த ஐந்நூறு ரூபாய்க் கட்டை அதில் போட்டாள். ஒலிபெருக்கி வழியே சடசடவென்று சத்தம் கடைத்தெருவரை போனது. எடுத்து மறுபடியும் போட்டாள்.

"அம்மா, இது ஏமாத்து வேலை."

"நான் ஏதும் சொன்னனா? எவன் பேரையாச்சும் வாசிச்சனா? எங்காசு, எத்தனை வாட்டி வேணாலும் எண்ணுவேன். நீ போடு."

பத்து மணிக்குள் பந்தி நிறைந்தது. ஆனால் கை கழுவியவர்கள் மேஜைக்கு வராமல் பல் குத்திக்கொண்டு நின்றார்கள். முதலில் யார் என்ற யோசனை. அப்போதுதான் அய்யாக்கண்ணு மஞ்சள் பையோடு வந்தார். அத்தனை கண்ணும் அவர்மேல்.

நேராக மேஜைக்குப் பின்னால் வந்து நின்றார். சுகுணா கட்டைப் போட்டாள், எடுத்தாள், அதையே போட்டாள். மூன்று சுற்று பார்த்தார்.

"ஏத்தா, ஒத்தக் கட்டுத்தானா?"

மெதுவாகத்தான் கேட்டார். இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டால் மைக்கில் விழும். ஆழ்துளையும் வளையலும் அதோடு போகும். ராசாத்தி கண்ணைத் தாழ்த்தவில்லை.

"ஆமாண்ணே."

அவர் மிஷினையே பார்த்தார். "தை மாசம் எனக்கும் விருந்து இருக்கு."

"தெரியும்ணே."

"இந்த மிசினு எங்கிட்டு வாடகைக்குக் கெடைக்குது?"

"மொதல்ல எழுதுங்க. சொல்றேன்."

ஒரு லட்சத்து இருபதாயிரம் எழுதினார். பல்குச்சிகளைப் போட்டுவிட்டு ஆட்கள் வரிசைக்கு நகர்ந்தார்கள். அய்யாக்கண்ணு குனிந்து, மைக்கை மிஷினுக்கு இன்னும் நாலு விரல் நெருக்கி வைத்துவிட்டுப் பந்திக்குப் போனார்.