மூன்று வண்டிகளின் பிரேக்

தொண்ணூறுகளில் நானும் மச்சானும் அம்பாசமுத்திரத்தில் ஆசை ஆசையாய் ஒரு மலை ஜீப் கட்டினோம். முன் அச்சில் ஒரு வண்டியின் சக்கர ஹப், இன்னொன்றின் பிரேக் டிரம், வேறொன்றின் பிரேக் கட்டை. ஊருக்குள் ஓட்டியபோது நன்றாகவே நின்றது.

மாஞ்சோலை இறக்கத்தில் டிரம் சூடேறி, பிரேக் பிடிக்கவில்லை. ஹாரனை அலறவிட்டேன். "பிரேக் இல்ல!" என்று மச்சான் கத்தினான். முன்னே போன தேயிலை லாரி ஒதுங்கவில்லை. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"கியரக் குறைச்சு எம்பின்னால முட்டும்வே! நா புடிச்சுக்கிடுதேன்."

முட்டினேன். இரண்டு வண்டிகளையும் அவரே பிடித்து நிறுத்தினார். லாரியின் பின்கதவு நசுங்கியிருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

"கதவத் தட்டி நிமித்திரலாம். ஒம்ம தலைய எங்கன கொண்டுபோயி நிமித்த?" என்று சிரித்தார்.

அந்த ஜீப் இப்போது இல்லை. ஆனால் இன்றும் மலை இறக்கத்தில் பின்னால் ஹாரன் அலறினால், ஒதுங்குவதற்கு முன் ஹாரன் அடிக்கிறவரின் முகத்தில் பயம் தெரிகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறேன்.