கண்ணாடிக்காரம்மாவுக்குப் பிடிபடாத தெரு

எங்கள் மருத்துவமனையில் ஞாபகப் பிரிவுக்கு வருகிறவர்கள் முதலில் என்னிடம் பெயர் பதிந்துவிட்டு, பிறகு நடைவழியின் கடைசி அறைக்குப் போவார்கள். அந்த அறையில் இருந்தவரை எல்லோரும் கண்ணாடிக்காரம்மா என்றுதான் சொன்னார்கள். முகத்தில் பாதியை மறைக்கும் ஒரு கறுப்புப் பெட்டியை, வி.ஆர். கருவியை, வந்தவர்கள் தலையில் மாட்டி, எங்குமே இல்லாத ஒரு வீட்டுக்குள் அவர்களை அனுப்பிவைப்பது அவர் வேலை. பெரிய கண்ணாடி மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். எனக்கு அவர் அக்கா. ரத்த உறவு ஒன்றும் இல்லை. வேறெப்படியும் கூப்பிட எனக்கு வாய் வந்ததில்லை, அவ்வளவுதான்.

அறையில் பெரிதாக எதுவும் கிடையாது. நடுவில் சுழலும் நாற்காலி, கீழே ரப்பர் விரிப்பு, ஓரத்தில் கணினித் திரை. கருவியை மாட்டிக்கொண்டவர் ஒரு சமையலறையில் நிற்பார். அடுப்பை அணைத்துவிட்டு, மருந்துப் பெட்டியை எங்கேயாவது பத்திரமாக வைத்துவிட்டு, வெளியே போக வேண்டும். தெருவில் நடந்து, மருந்துக்கடை முனையில் திரும்பி, பழக்கடை வரை போய் வர வேண்டும். வந்ததும் மருந்துப் பெட்டியை எடுத்துக் காட்ட வேண்டும். எந்த முனையில் தயங்கினார், எதைத் தேடிக் கண் அலைந்தது என்பதையெல்லாம் இயந்திரம் குறித்துக்கொள்ளும். வீட்டில் இருப்பவர்கள் "வயசாச்சு, அப்படித்தான்" என்று தள்ளிவிடும் சின்னத் தடுமாற்றம்கூட அதில் தட்டுப்படும் என்பார் டாக்டர்.

பயந்து வருகிறவர்களை அக்கா பேச்சிலேயே கரைத்துவிடுவார். ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர், அந்தப் பொய்த் தெருவில் வந்த பொய்க் காருக்குக் கையைக் காட்டி வழிவிட்டார். ஒரு பெரியம்மா பழக்கடைக்காரனிடம் தண்ணீர் கேட்டார், அவன் சிரித்துக்கொண்டே நின்றதும், "வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்று சண்டைக்குப் போய்விட்டார். அக்கா சிரிக்கமாட்டார். "அவனுக்குக் காது கேக்காதும்மா, நீங்க வாங்க" என்று கூட்டி வருவார். கருவியைக் கழற்றியதும், கலைந்த முடியைத் தன் கையாலேயே ஒதுக்கிவிடுவார். பாஸா ஃபெயிலா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: இது பரீட்சை இல்லை, டாக்டர் பேசுவார்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒரு தங்கை, அச்சகத்தில் புத்தகம் தைக்கும் பிரிவில் வேலை. கணவன் விட்டுப்போன பிறகு அக்காவோடு வந்து சேர்ந்தவள். நாற்பத்தைந்து வயதானவளை அக்கா இன்னும் குட்டி என்றுதான் கூப்பிடுவார். இருவருக்கும் நாள் தவறாமல் சண்டை நடக்கும். துவைத்த துணியை மடிப்பது எப்படி, ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா, எல்லாவற்றுக்கும். மறுநாள் காலையில் அந்தச் சண்டையைச் சொல்லிச் சிரித்த பிறகுதான் அக்காவுக்கு வேலை ஓடும்.

முதலில் மாற்றத்தைக் கண்டுபிடித்தது தங்கைதான். அக்கா ஒரு நாள் வேலை முடிந்து வெகுநேரம் கழித்து வீட்டுக்கு வந்தார். பஸ் பழுதாகிவிட்டது என்றார். அடுத்த வாரமும் பஸ் பழுதானது. அதற்கடுத்த வாரம் தங்கைக்குத் தெரிந்த ஒருத்தி, உங்கக்கா எங்க வீட்டுப் பக்கத்து நிறுத்தத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாரே, யாராவது சொந்தக்காரர் இருக்கிறார்களா என்று கேட்டாள். அந்தப் பக்கம் அவர்களுக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. இஸ்திரிப் பெட்டி சூடு ஏறியபடியே கிடந்தது. ஒரே கேள்வி ஒரே சாப்பாட்டு நேரத்தில் மூன்று தடவை வந்தது. சொன்னால் அக்காவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

தங்கை என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, டாக்டரிடம் சொல்லி அக்காவுக்கும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல் என்றாள். டாக்டரும் ஒத்துக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், அக்காவும் மறுக்கவில்லை. "நல்லா பாருங்க, இவ வாயாவது அடங்கட்டும்" என்று தானே கருவியை எடுத்து மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

இதுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் யாருமே அவ்வளவு வேகமாக முடித்ததில்லை. அடுப்பு, மருந்துப் பெட்டி, மருந்துக்கடை, பழக்கடை, வீடு. எங்கும் ஒரு தயக்கம் கிடையாது. தங்கைக்கு வந்தது நிம்மதியா ஏமாற்றமா என்று எனக்கு விளங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். டாக்டர் மட்டும் முடிவை நம்பவில்லை. "வருஷக்கணக்கா நடந்த தெரு இது. இத வெச்சு இவங்கள ஒண்ணும் சொல்ல முடியாது," என்றவர், காகிதத்தில் எழுதும் சோதனைகளும் அக்காவுக்கு மனப்பாடம்தான், ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். அக்கா பிடி கொடுக்கவில்லை. தூக்கம் சரியில்லை, அவ்வளவுதான் என்று பேச்சை வெட்டிவிட்டார். அதன் பிறகு வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும், "பாத்தல்ல, மெஷினே சொல்லிடுச்சு" என்பதுதான் அவர் ஆயுதம்.

இப்படியே சில மாதம் ஓடியது. பிறகு கருவி செய்கிறவர்கள் சோதனையைப் புதிதாக மாற்றி அனுப்பினார்கள். திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்குப் பழைய தெரு பழகிப்போகிறது என்பதால் வீடு வேறு, தெரு வேறு, கடைகளும் வேறு. பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். ஊழியர்கள் எல்லோரும் ஒருமுறை உள்ளே போய் வர வேண்டும் என்றார். அக்கா ஒவ்வொருவராக முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தார். நோயாளி காத்திருக்கிறார் என்றார், துடைக்கும் பஞ்சு தீர்ந்துவிட்டது என்றார். பயிற்சிக்காரர் சாப்பிடப் போன பிறகு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "நீ திரையப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டார்.

அவர் கண்ணில் தெரிந்தது எனக்கும் திரையில் தெரிந்தது. அடுப்பை அணைத்தார். மருந்துப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார். தெருவில் கொஞ்ச தூரம் நடந்து இடப்பக்கம் திரும்பினார். பழைய தெருவில் அங்கேதான் மருந்துக்கடை. புதுத் தெருவில் அங்கே ஒரு சுவர் இருந்தது. சுவரைப் பார்த்தபடி நின்றார். பிறகு, நோயாளிகளுக்கு வழி சொல்லும் அதே நிதானமான குரலில் சொன்னார்: "நேரா போங்க. மருந்துக்கடை வரும்."

அவர் நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். திரையில் சுவரும் வானமும் சுவரும் மாறி மாறி ஓடின.

"ஏம்மா," என்றார் கடைசியில். "என்னக் கண்ணக் கட்டிக் காட்டுல விட்டுட்டாங்களே."

நான் கருவியைக் கழற்றினேன். கண்ணைச் சுற்றி ரப்பர் பதிந்த தடம் சிவப்பாக இருந்தது. அவர் அழவில்லை. தன் முடியைத் தானே ஒதுக்கிக்கொண்டார். டாக்டரைக் கூப்பிடச் சொன்னார். குட்டியிடம் நீ சொல்லாதே, நானே சொல்கிறேன் என்றார்.

அன்று மாலை தங்கை அக்காவை அழைத்துப் போக வந்தாள். நடைவழி பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். தங்கை ஒன்றுதான் கேட்டாள். "அப்ப அன்னைக்கு மட்டும் எப்படிக்கா பாஸ் பண்ணுன?"

"தெரிஞ்சேதான் உக்காந்தேன் குட்டி. ரொம்ப நாளாவே தெரியும். நம்ம வீட்டுல சாவி தொலையுது, நாள் தொலையுது, வர்ற வழி தொலையுது. அந்த வீட்டுக்குள்ள மட்டும்தான் எனக்கு எதுவும் தொலையல."

மதிய இடைவேளையில் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார். கருவிகளைத் துடைக்கிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அவர் அந்தப் பழைய வீட்டுக்குள் போய், தெருவில் நடந்து, பழக்கடை வரை போய், யாரும் துணைக்கு வராமலே வீடு திரும்பிக்கொண்டிருந்திருக்கிறார். இனி அந்தத் தெருவும் இல்லை.

தங்கை எழுந்து நின்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். மதியம் சாப்பிட்டாயா என்று கேட்டாள். அக்காவுக்கு நினைவில்லை. இருவரும் கைகோத்துக்கொண்டு படி இறங்கிப் போனார்கள்.

ஸ்கேனில் எல்லாம் தெளிவாகவே தெரிந்தது. அக்கா வேலையை விட்டார். வழியனுப்பு விழா எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். டாக்டருக்கு மனசு கேட்கவில்லை. ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கருவிகளில் ஒன்றைப் பழைய தெருவோடு தங்கை கையில் கொடுத்து, இது மருந்து இல்லை, நோயை நிறுத்தவும் செய்யாது, கேட்டால் மட்டும் மாட்டிவிடு என்றார்.

அக்கா அதைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளும் நாளில் வீடு அமைதியாக இருக்குமாம். உள்ளே அவர் பார்ப்பது தங்கையின் போனிலும் தெரியும். கடைக்குப் போய் வந்த பிறகு, எந்தச் சோதனையும் கேட்காத ஒரு ஜன்னலோரத்தில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருப்பாராம். தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்து போனில் அதே ஜன்னலைப் பார்ப்பாளாம். சண்டை போடாமல் அத்தனை நேரம் நாங்கள் சேர்ந்து உட்கார்ந்ததே இல்லை என்றாள் என்னிடம்.

மழைக்காலம் முடியும் சமயம் ஒரு நாள் அக்கா வழக்கம்போல் உள்ளே போனார். சமையலறை நடுவில் நின்றார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அவர் அதைத் தொடவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிறர் வீட்டுக்குள் அறியாமல் நுழைந்தவர்போல், மெல்லிய குரலில் தங்கையிடம் சொன்னார்: "வீட்டுக்காரங்க யாரும் இல்ல போல. நாம அப்புறமா வரலாமா?"

தங்கை சரி என்று சொல்லிக் கருவியைக் கழற்றினாள். அன்றே அதைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டாள். அக்கா அதற்குப் பிறகு அதைக் கேட்கவே இல்லை.

போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அச்சகத்தில் இப்போது தங்கைக்கு அரைநாள் வேலைதான். மீதி வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து தைக்கிறாள். அக்கா எதிரில் உட்கார்ந்து அவள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மரியாதையாகத் தலையசைத்தார், அதற்கு மேல் ஒன்றுமில்லை. காற்று வரட்டும் என்று நான் ஜன்னலைத் திறந்தேன். தங்கை சட்டென்று நிமிர்ந்து அக்கா முகத்தைப் பார்த்தாள். அக்கா எதுவும் சொல்லவில்லை.

வழியனுப்ப வாசல்வரை வந்த தங்கையிடம், ரொம்பக் கஷ்டமாக இருக்கிறதா என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"குளிப்பாட்டுறது, ஊட்டுறது, அதெல்லாம் கஷ்டமே இல்ல," என்றாள். "எத சொன்னாலும் சரிங்குது. அதத்தான் தாங்க முடியல."

உள்ளேயிருந்து ஏதோ சத்தம் கேட்டது. அவள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். நான் கதவைச் சாத்திவிட்டுப் படி இறங்கினேன்.