ஆடாத தண்ணீர்க் கோடு

அந்தச் சலவை ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் சங்கு. ஆலைச் சங்கைப் போலக் காரணமில்லாமல் அலறுகிறாள் என்பது ஒரு விளக்கம். என்றைக்காவது எல்லோருக்கும் சேர்த்துச் சங்கு ஊதிவிடுவாள் என்பது இன்னொன்று. இரண்டையும் அவள் காதுபடவே சொன்னார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

நாற்பத்து மூன்று வயது. அதில் பதினோரு ஆண்டுகள் அந்த ஆலையின் இஸ்திரிக் கூடத்தில் நின்றே போயின. இரண்டு மருத்துவமனைகள், எட்டு விடுதிகளின் படுக்கை விரிப்புகள் அங்கே வந்து வெளுத்து, சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே புகுந்து, காகிதம் போல வெளியே வரும். உருளைகளைச் சூடாக்குவது நீராவி. நீராவி வருவது சுவருக்கு அந்தப்புறம் இருக்கும் பாய்லரிலிருந்து. அவள் நின்று மடிக்கும் இடத்தில், அந்தச் சுவர் சரியாக முதுகுக்குப் பின்னால் இருந்தது.

சேர்ந்த முதல் வாரமே ஒருத்தி சொல்லிவிட்டாள்: "அது வெடிச்சா நம்மளையும் விரிப்போட சேர்த்து நாலா மடிச்சுடலாம்."

கூடமே சிரித்தது. இவள் மட்டும் அன்றிலிருந்து சுவரைக் கேட்க ஆரம்பித்தாள். பர்னரின் உறுமல் ஒரே சீராக இருக்கும். நடுநடுவே பம்ப் ஓடும். பாய்லருக்குள் தண்ணீர் குறைந்ததும் அது தானாகக் கிளம்பி, கொஞ்சம் தண்ணீரை உள்ளே தள்ளிவிட்டு நின்றுவிடும். எட்டு விரிப்புக்கு ஒருமுறை, மிஞ்சிப்போனால் பத்து. பதினொன்றாவது விரிப்பைக் கையில் எடுத்தும் பம்ப் சத்தம் கேட்கவில்லை என்றால் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். மற்றவர்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டே மடித்தார்கள். இவள் எண்ணிக்கொண்டே மடித்தாள்.

கனவிலும் அதுதான். நீண்டுகொண்டே போகும் ஒரு விரிப்பை மடித்துக்கொண்டிருப்பாள். பின்னால் பம்ப் நின்றுபோயிருக்கும். காலையில் இதைச் சொன்னால், அதே வீட்டில் இருந்து அதே கூடத்துக்கு வேலைக்கு வரும் தங்கை தலை வாரிக்கொண்டே பதில் சொல்வாள்: "ஊர்ல அவங்கவங்க கனவுல பறக்குறாங்க. நீ அங்கயும் போய் விரிப்பு மடி."

பயந்தவர்கள் விலகி ஓடுவதைத்தான் பார்த்திருக்கிறோம். இவள் தேநீர் இடைவேளைகளில் பாய்லர் அறை வாசலில் போய் நின்றாள்.

அந்த அறை, பாய்லரை இயக்குபவருடையது. அவரைக் கேப்டன் என்பார்கள். அவர் கப்பலைப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பழைய தொப்பி வைத்திருந்தார், பத்தொன்பது ஆண்டு அனுபவமும் வைத்திருந்தார். அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் அவர் யாரிடமும் எதையும் கேட்டதாக ஆலையில் ஒருவருக்கும் நினைவில்லை.

"உள்ள எவ்வளவு தண்ணி இருக்குன்னு எப்படிண்ணா தெரியும்?"

"இதோ, கண்ணாடி இருக்குல்ல."

பாய்லரின் முகப்பில், ஒரு சாண் நீளத்தில் செங்குத்தாக ஒரு கண்ணாடிக் குழாய். மேலும் கீழும் பாய்லரோடு இணைந்தது. உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறதோ, குழாயிலும் அதே மட்டத்தில் நிற்கும்.

"இது பொய் சொல்லாதாண்ணா?"

"கண்ணாடி எப்படிம்மா பொய் சொல்லும்? நீ போய் மடி."

அவள் மடிக்கப் போனாள். ஆனால் அடுத்த மாதமே, பாய்லர் இயக்குநர் சான்றிதழுக்கான மாலை வகுப்பில் பெயர் கொடுத்தாள். வகுப்பில் இருபத்தாறு ஆண்கள், இவள் ஒருத்தி. ஏன் வந்தாய் என்று ஆசிரியர் கேட்டபோது, "முதுகுக்குப் பின்னால இருக்குறது கண்ணுக்கு முன்னால இருக்கட்டும்னு வந்தேன் சார்," என்றாள். யாருக்கும் புரியவில்லை. அவளுக்குப் புரிந்தது.

முதல் முறை தோற்றாள். வாய்மொழித் தேர்வில் ஒரே ஒரு கேள்வியில் சறுக்கினாள். "கண்ணாடிக் குழாயில தண்ணி ஆடாம அசையாம நிக்குது. என்ன அர்த்தம்?"

"பாய்லர் அமைதியா இருக்குன்னு அர்த்தம் சார்."

தேர்வாளர் சிரிக்கவில்லை. எதையோ எழுதிக்கொண்டு, அடுத்தவரை அழைத்தார். அவர் சிரித்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

சரியான பதிலைக் கேப்டனிடம் கேட்டாள். "பரீட்சைக்காரன் ஆயிரம் கேப்பான். அவன் பாய்லரா ஓட்டுறான்?" என்றுவிட்டார். ஆகவே அவளே பார்க்க முடிவு செய்தாள். இரண்டு மாதம், ஒவ்வோர் இடைவேளையிலும், ஆறிக்கொண்டிருக்கும் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டையே பார்த்தாள். தண்ணீர்க் கோடு ஒருபோதும் சும்மா நிற்கவில்லை. ஊசி அகலத்துக்கு ஏறும், இறங்கும். உள்ளே கொதிக்கிறதே, எப்படி நிற்கும்? அப்படியானால், பாய்லர் ஓடும்போது கோடு நின்றால், குழாய்க்கும் பாய்லருக்கும் தொடர்பு அறுந்துவிட்டது. வழியில் உப்பு படிந்து அடைத்திருக்கலாம். அப்போது கண்ணாடி காட்டுவது எப்போதோ இருந்த தண்ணீரை. உள்ளே இப்போது என்ன இருக்கிறது என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது.

இது விளங்கிய அன்று அவள் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. இரண்டாம் முறை தேறினாள்.

பாய்லர் அறையில் உதவி இயக்குநர் வேலை கிடைத்தது. பயம் குறையும் என்று நினைத்தாள். கூடியது. இப்போது அதன் ஒவ்வோர் உறுப்பும் எப்படிக் கெடும் என்று தெரியும். வந்த மூன்றாவது வாரம் நீராவிக் குழாயில் சம்மட்டி அடி போல ஒரு சத்தம் கேட்டது. பர்னரை அணைத்துவிட்டாள். குழாயில் தேங்கிய தண்ணீர் மோதிய சத்தம்தான், வேறொன்றுமில்லை. அரைநாள் வேலை கெட்டது. சங்கு என்ற பெயர் அன்று வந்ததுதான். முதலாளி அறைக்கு அழைத்தார். உட்காரச் சொல்லவில்லை.

"இன்னொரு தடவை காரணம் இல்லாம அணைச்சா, திரும்ப மடிக்கத்தான் போகணும். புரியுதா?"

"புரியுது சார்."

புரிந்தது. மறுபடியும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும்.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலை, பத்தரை மணி. மருத்துவமனைக்கு இரண்டு மணிக்குள் நானூறு விரிப்புகள் போக வேண்டும். உருளைகள் நிற்காமல் ஓடின. கேப்டன் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவள் பதிவேட்டில் நீராவி அழுத்தத்தை எழுதிவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடியில் தண்ணீர் பாதிக்கு மேல் இருந்தது. நல்ல மட்டம்.

கோடு ஆடவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். குனிந்து பார்த்தாள். சுவரில் கோடு போட்டது மாதிரி நின்றது. அப்போதுதான் இன்னொன்று உறைத்தது: தேநீருக்குப் பிறகு பம்ப் சத்தத்தைக் கேட்ட நினைவே இல்லை.

"அண்ணா, பம்ப் எப்ப ஓடுச்சு?"

"ஓடியிருக்கும்."

"நான் கேக்கல."

"நீ கேக்கலன்னா அது ஓடலையா? இதோ பாரு, பாதிக்கு மேல தண்ணி. ஆரம்பிச்சுடாத."

குழாயின் அடியில் ஒரு திருகு உண்டு. திறந்தால் கண்ணாடியிலுள்ள தண்ணீர் வெளியேறும். மூடினால் பாய்லரிலிருந்து தண்ணீர் விருட்டென்று மறுபடி ஏற வேண்டும். ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் செய்து பார்க்க வேண்டிய சோதனை. தரை நனைகிறது என்பதால் அந்த அறையில் அதைச் செய்வதில்லை. "சரி" என்று மட்டும் பதிவேட்டில் எழுதிவிடுவார்கள். அவளும் எழுதியிருக்கிறாள்.

திருகைத் திறந்தாள். தண்ணீர் சிதறியது, பிறகு வெறும் ஆவி சீறியது. மூடினாள். காத்திருந்தாள்.

கண்ணாடி காலியாகவே இருந்தது.

கேப்டன் செய்தித்தாளைக் கீழே வைத்தார். "அடைச்சிருக்கும். பம்பைக் கையால போடு, தண்ணி ஏறட்டும். மதியம் பிரிச்சுச் சுத்தம் பண்ணிக்கலாம்."

உள்ளே தண்ணீர் போதுமான அளவு இருந்தால் அவர் சொல்வது சரி. இல்லையென்றால், உள்ளே நெருப்பு ஓடும் குழாய்கள் தண்ணீருக்கு வெளியே நின்று சிவக்கப் பழுத்துக்கொண்டிருக்கும். காய்ந்த வாணலியில் ஒரு கை தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்று சமைப்பவர்களுக்குத் தெரியும். இது அறை அளவுள்ள வாணலி. சுவருக்கு அந்தப்புறம் முப்பத்திரண்டு பேர். அவள் முன்பு நின்ற இடத்தில் இப்போது அவள் தங்கை நிற்கிறாள்.

பர்னரை அணைக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். உறுமல் அடங்கியது.

"ஏய்!" கேப்டன் எழுந்து பம்ப் ஸ்விட்சுக்குக் கை நீட்டினார். அவள் குறுக்கே போய் நின்றாள்.

"தள்ளும்மா."

"மாட்டேண்ணா."

"உன் கை எப்படி நடுங்குது பாரு. இந்த லட்சணத்துல நீ எனக்குச் சொல்ல வந்துட்ட."

"நடுங்கட்டும்ணா. தண்ணி விடாதீங்க."

உருளைகள் ஆறத் தொடங்கியதும் முதலாளி ஓடிவந்தார். "மறுபடியும் நீயா? உள்ள தண்ணி இருக்கா இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லு."

"தெரியாது சார்."

"தெரியாமயா அணைச்ச?"

"தெரியாததாலதான் சார் அணைச்சேன்."

அவர் கேப்டன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இருக்கா?"

"இருக்கணும் சார்."

"இருக்கணுமா, இருக்கா?"

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். காலிக் கண்ணாடியைப் பார்த்தார். முதலாளியின் முகம் மாறியது. "எல்லாரையும் வெளிய போகச் சொல்லு," என்றார்.

முற்றத்தின் கடைசி மூலையில் கூட்டமாக நின்றார்கள். பிறகு ஒவ்வொரு குரலாகக் கிளம்பியது. "இன்னிக்கும் சங்குதானா?" "மருத்துவமனைக்கு யாரு பதில் சொல்றது?" தங்கை மட்டும் கிட்ட வந்து, "அக்கா, நிஜமாவா, இல்ல கனவா?" என்றாள். சிரிக்க முயன்றாள்.

பாய்லர் தானாக ஆற வேண்டும். நான்கு மணி நேரம். அந்த நேரத்தில் அவள் மனம் போன இடத்தை அவள் பிறகு தங்கையிடம் மட்டும் சொன்னாள். உள்ளே தண்ணீர் நிறைய இருந்துவிட்டால் தன் கதி என்ன என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே, உள்ளே வறண்டு கிடக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டிய மறுகணம், எதை வேண்டினோம் என்று புரிந்தது.

மெக்கானிக் வந்து, மூடியைத் திறந்து, கம்பியை விட்டு அளந்தார். கண்ணாடி வழியிலும் பம்பைக் கிளப்பும் மிதவையிலும் உப்பு பாளம் பாளமாகப் படிந்திருந்தது. தண்ணீர்? குழாய்களுக்கு மேல் இரண்டு விரல் உயரம்.

"பார்த்தீங்களா சார், தண்ணி இருந்துச்சு," என்றார் கேப்டன்.

"இருந்துச்சு," என்றார் மெக்கானிக், கையைத் துடைத்தபடி. "இன்னும் இருபது நிமிஷத்துக்கு இருந்துச்சு."

மருத்துவமனையிலிருந்து மூன்றாவது முறையாகத் தொலைபேசி அழைப்பு வந்தது. முதலாளி எடுக்கப் போனார். வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னார்: "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடு."

"மடிக்கவா சார்?"

"பாய்லருக்கு. அந்தத் திருகை யார் திறந்து பார்த்தாங்கன்னு இனிமே பேரோட எழுதணும்."

சாப்பாட்டுப் பையை எடுக்கப் போனபோது கேப்டன் அறையில் தனியாக நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது.

"அந்தக் கோடு ஆடும்னு உனக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லலண்ணா. பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"நானும்தானே பார்த்தேன்," என்றார் அவர். அவளிடம் அல்ல.

மறுநாள் ஏழு மணிக்கு பர்னர் உறுமியது. அழுத்தம் ஏறியது. அவள் குனிந்து அடியிலிருந்த திருகைத் திறந்தாள், கண்ணாடி காலியானது. மூடினாள். தண்ணீர் திரும்பி வர ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடி முழுக்க அவள் மூச்சு விடவில்லை. தண்ணீர் ஏறியது. நின்றது. பிறகு ஆடியது.

தன் பெயரை எழுதினாள். எழுத்து கோணலாக விழுந்தது. அதன்பின் தினமும் இரண்டு முறை அந்தத் திருகைத் திறக்கிறாள். ஒவ்வொரு முறையும் அந்த நொடி அப்படியேதான் இருக்கிறது.