ரவுண்ட் ராக்கிலிருந்து ஒரு காசித்தும்பையுடன்

1998 பிப்ரவரி, வியாழக்கிழமை. காலை ஐந்தே காலுக்கு ரவுண்ட் ராக்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டை விட்டுக் கிளம்பினோம். ஆஸ்டின் விமான நிலையம் பதினேழு மைல். காரை ஓட்டியவர் என் கணவர் செல்வம். என் மடியில் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிய ஓர் உலர்ந்த செடி. கைப்பையில் சிறு கண்ணாடிக் குப்பி; அதற்குள் ஆல்கஹாலில் ஊறிய மூன்று பூக்கள்.

கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் ஆப்பிரிக்காவில், கேமரூனில் ஒரு தாவர ஆய்வுக் குழுவில் வேலை பார்த்தேன். தென்மேற்கு மழைக்காட்டில், பாசி படர்ந்த ஒரு மரக்கிளையின் மேல், வேர் தரையைத் தொடாமல் வளர்ந்திருந்தது இந்தச் செடி. நம் ஊர் வீட்டு வாசல்களில் பூக்கும் காசித்தும்பைக்குச் சொந்தம். பூ நல்ல சிவப்பு, பின்னால் நீளும் வால் மஞ்சள். இதுவரை யாரும் விவரித்து எழுதாத இனம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. மூல மாதிரியை அந்நாட்டுத் தலைநகர் யவுண்டேயில் ஒப்படைத்துவிட்டு, அதே செடியை உலர்த்தி ஒட்டிய இணைத் தாள் ஒன்றை அனுமதியோடு கொண்டுவந்திருந்தேன்.

இந்தக் குடும்பச் செடிகளில் நிபுணரான ஒருவருக்கு எழுதினேன். அவர் சான் பிரான்சிஸ்கோவில், உலர்ந்த செடிகளைச் சேர்த்துவைக்கும் ஒரு தாவரக் காப்பகத்தில் இருந்தார். இரண்டு வரியில் பதில் வந்தது: இது புதிது அல்ல, வெகுகாலத்துக்கு முன்பே ஜெர்மானியர் ஒருவர் விவரித்த இனம்தான். அது தவறு என்று காட்ட அந்தப் பழைய மாதிரியை நான் கண்ணால் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து மாதிரிகளை நிறுவனங்களுக்கு மட்டுமே கடனாக அனுப்புவார்கள். கணவரோடு டிபென்டென்ட் விசாவில், வேலை செய்ய அனுமதி இல்லாமல் வந்தவளுக்கு ஏது நிறுவனம்? நல்லவேளையாக அந்த மாதிரி அப்போது அந்த நிபுணரிடமே வந்திருந்தது. மூன்று கடிதம் போட்ட பிறகு, வெள்ளிக்கிழமை பத்து முதல் பன்னிரண்டு வரை வரலாம் என்றார்.

ஃப்ரீவேயில் செல்வம் கேட்டார். "அவரு பாத்துட்டும் இல்லைன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவ?"

"நான் மொதல்ல பாக்கணுங்க. என் மேல தப்புன்னா நானே விட்டுடறேன். பாக்காம விடமாட்டேன்."

விமானம் நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பின்னால் திருப்பி வைத்துக்கொண்டு சான் ஹோசேயில் இறங்கியபோது காலை ஒன்பது. மழை கொட்டிக்கொண்டிருந்தது, அந்தக் குளிர்காலம் முழுக்கவே அங்கே அப்படித்தான் என்றார்கள். செல்வத்தின் நண்பர் மனைவி ரெஜினா அக்கா காருடன் காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சான்டா கிளாராவில் ஒரு சிப் கம்பெனியில் வேலை. ஆறு மைல் தூரத்தில் வீடு.

அன்று மாலை அவர் மகள், எட்டு வயது, குப்பியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "இட்ஸ் ஜஸ்ட் எ ஃப்ளவர், மாம்," என்றாள்.

"அந்தப் பூவுக்காகத்தான் அன்ரி டெக்ஸாஸில இருந்து வந்திருக்கிறா," என்றார் அக்கா. பிறகு என்னிடம், "நாளைக்கு அவர் சத்தம் போட்டா நீர் பயந்துபோய் எழும்பி வந்திடாதேயும். ரெண்டு மணித்தியாலம் தந்தவர்தானே, முழுக்க இருந்துட்டு வாரும்."

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்கு ரயில். சான்டா கிளாராவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நாற்பத்தைந்து மைல், ஒன்றேகால் மணி நேரம். இறங்கி இரண்டு பஸ் மாறி, பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகக் காப்பகத்தின் வாசலில் நின்றேன். குடையையும் மீறி செருப்பு நனைந்திருந்தது. அட்டைக்கட்டு மட்டும் பிளாஸ்டிக் பையில் பத்திரமாக இருந்தது.

நிபுணருக்கு அறுபது வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். பழைய மாதிரியை மேசையில் விரித்தார். பழுப்பேறிய தாளில் ஒரு தண்டு, ஆறு இலை, எரிந்த காகிதம்போல் சுருண்ட பூக்கள். இந்தக் குடும்பப் பூக்கள் எல்லாமே காய்ந்தால் அப்படித்தான் ஆகும். என் தாளைப் பக்கத்தில் வைத்தேன்.

"பார்த்தீர்களா? அதே இலை, அதே காம்பு," என்றார் ஆங்கிலத்தில்.

"இலையை வைத்து நான் சொல்லவில்லை. பூவின் அடியில் இருக்கும் புல்லிகளைப் பாருங்கள். என் செடியில் ஐந்து. பழைய விவரணையில் மூன்று."

"சிறிய இரண்டும் உலரும்போது உதிர்ந்திருக்கும்."

"உதிர்ந்தால் வடு இருக்கும். ஒரு பூவை வெந்நீரில் ஊறவைத்தால் தெரிந்துவிடும்."

ஜெர்மானியரின் மூல மாதிரியில் யாரும் கைவைக்க முடியாது என்று தாளை மூடப் போனார். அறையில் இருந்த உதவியாளர், ஒரு பிலிப்பைன்ஸ்காரப் பெண்மணி, தாளின் மூலையில் ஒட்டியிருந்த சிறு காகித உறையைக் காட்டினார். உதிர்ந்த பூக்கள் அதற்குள் இருந்தன. கடன் படிவத்தில் அவற்றை ஊறவைக்க அனுமதி உண்டு என்று மெதுவாகச் சொன்னார். நிபுணர் அவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரே ஒரு பூ," என்றார்.

வெந்நீரில் ஒரு சொட்டு சோப்பு. இருபது நிமிடம் காத்திருந்தோம். பிறகு ஊசியால் பூவைப் பிரித்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து, முதலில் அவரைப் பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் குனிந்திருந்தார்.

"மூன்று," என்றார். "வடு இல்லை."

என் குப்பியைத் திறந்தேன். முதல் பூவில் ஐந்து. ஒற்றைப் பூ விதிவிலக்காக இருக்கலாம் என்றார். இரண்டாவதை வைத்தேன், மூன்றாவதையும் வைத்தேன்.

நிமிர்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நல்ல கண்டுபிடிப்பு. இருவரும் சேர்ந்தே எழுதுவோம். என் பெயர் முதலில் இருந்தால் உங்களுக்கும் வசதி. நிறுவனம் இல்லாதவரின் கட்டுரையை எந்தப் பத்திரிகையும் தொடாது."

அந்த நொடியில் சரி என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். மழையில் கிளை கிளையாக ஏறி அந்தச் செடியைப் பறித்த நாள் நினைவுக்கு வந்தது. இரண்டு வரியில் அதைத் தள்ளிய கடிதமும் நினைவுக்கு வந்தது.

"மன்னிக்க வேண்டும். மாதிரியைக் காட்டியதற்கு உங்களுக்குக் கட்டுரையில் நன்றி சொல்வேன். எழுதுவது நான் மட்டும்தான்."

"நீங்கள் நடைமுறை தெரியாமல் பேசுகிறீர்கள்."

"இருக்கலாம். திருப்பி அனுப்பினால் இன்னொரு பத்திரிகைக்கு அனுப்புவேன்."

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடமும் உட்கார்ந்து பழைய பூவைப் பென்சிலால் வரைந்து முடித்தேன். கிளம்பும்போது உதவியாளர் வாசல் வரை வந்து கை குலுக்கினார். அக்கா கட்டித் தந்த புளிச்சாதத்தை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

மாலையில் நடந்ததைச் சொன்னதும் ரெஜினா அக்கா கேட்ட ஒரே கேள்வி: "பிறகு ஆர் எழுதப்போறது?"

"நான்தான் அக்கா."

"அப்ப சரி. வாரும், சாப்பிடுவம்."

சனிக்கிழமை மதிய விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு சென்னைக்காரர். ஆஸ்டினில் புராஜெக்ட்டாம். செல்வம் எங்கே வேலை பார்க்கிறார் என்று விசாரித்துவிட்டு, "நீங்க வொர்க் பண்றீங்களா?" என்றார்.

"நான் தாவரவியலாளர்."

"எந்தக் கம்பெனி?"

"கம்பெனி இல்ல. வீட்டுல இருந்துதான் பண்றேன்."

"ஓ," என்று பத்திரிகையை விரித்துக்கொண்டார். புது இனத்தின் விவரணையை லத்தீனில்தான் எழுத வேண்டும் என்பது அப்போதைய விதி. அகராதியை மடியில் வைத்து, டெக்ஸாஸ் வருவதற்குள் நான்கு வரி எழுதியிருந்தேன்.

முதல் ஆய்வுப் பத்திரிகை கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. இரண்டாவது, நிறுவனத்தின் பெயர் என்ன என்று கேட்டது. இல்லை என்று எழுதி, வீட்டு முகவரியைக் கொடுத்தேன். அடுத்த வருடம் கட்டுரை வெளிவந்தது. மேலே என் பெயர் ஒன்றுதான்.

சில வாரங்களில் கட்டுரையின் பிரதி கேட்டு அஞ்சலட்டைகள் வர ஆரம்பித்தன. ஒன்று யவுண்டேயிலிருந்து, ஒன்று பெல்ஜியத்திலிருந்து. அந்த நிபுணரிடமிருந்தும் ஒன்று வந்தது. அவருக்கும் அனுப்பினேன். அனுப்புநர் என்ற இடத்தில் எங்கள் வீட்டு எண்ணை, மற்ற உறைகளில் எழுதியதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.