செருப்போடு வாசலில் நின்றவன்

கம்ப்யூட்டரில் சாகச விளையாட்டு எழுதுவது என்றால், விளையாட்டுக்குள் இருக்கிற, ஒன்றுமே தெரியாத ஒருவனைக் கையைப் பிடித்து வீடு வீடாகக் கூட்டிப்போவது. வீட்டில் ஒரு கைக்குழந்தை, ஆபீசில் இவன்.

நான் எட்டாவது வரைதான். டைப்ரைட்டிங் தெரியும் என்று மந்தைவெளியில் ஒரு மாடி ஆபீசில் சேர்ந்தேன். விளையாட்டுக்கான கட்டளைகளை, அதாவது ஸ்கிரிப்ட், எழுதுகிறவர் திடீரென்று நின்றுவிட, முதலாளி சார் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். ஒரு மாதத்துக்குள் விளையாட்டில் வரும் ஒரு வீட்டை நானே எழுதி ஓட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை. குழந்தையோடு மறுபடி மாமியார் வீட்டு மூலைதான். இந்த மாதிரி மாட்டிக்கொண்டவர்களுக்கு என் நிலைமை புரியும்.

தொட்டிக்கு அடியில்

பூந்தொட்டிக்கு அடியில் சாவி. ஆடுகிறவர் 'எடு' என்று டைப் அடித்தால் கைக்கு வர வேண்டும். வந்தது. கும்பிடு போட்டுக்கொண்டேன். எடுத்த சாவி இனி அங்கே இல்லை என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டுமாம், யார் கண்டது? எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. பிளாப்பி டிஸ்கில் விளையாட்டைப் பிரதி எடுக்கும் பட்டினப்பாக்கத்து விமலா அக்கா ஏழு சாவி வரை எண்ணிவிட்டுச் சொன்னார்:

"இன்னாம்மா, தொட்டிக்கு அடியில பூட்டுக்கடையா வெச்சிகினு கீறே?"

ரெண்டு நாள்

'இப்படி இருந்தால் இதைச் செய்' என்று எழுதினால், கீழே 'முடிந்தது' என்றும் எழுத வேண்டும். ஒரே ஒரு இடத்தில் விட்டுவிட்டேன். வீடு மொத்தமும் ஓடாமல் படுத்துவிட்டது. சாரிடம் கேட்கக் கூச்சம். அவர் பக்கத்தில் வந்தால் காகிதத்தைப் புரட்டுகிற மாதிரி நடிப்பேன். இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் அவரே குனிந்து பார்த்து, விரலை வைத்துக் காட்டினார்:

"வாயத் தொறந்து கேட்டிருந்தா ரெண்டு நிமிஷம்மா."

வாசல்

கடைசி நாள். விளையாட்டை வாங்கப் போகிற அடையாறு கஸ்டமர் வந்தார். எங்கள் கம்ப்யூட்டர் ரூமுக்குள் யாரும் காலணியோடு வரக் கூடாது. அவரும் ஷூவைப் படிக்கட்டில் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சாவி எடுத்தார். பூட்டைத் திறந்தார். 'உள்ளே போ' என்று அடித்தார். 'கூடாது' என்று பதில் வந்தது. கதவைத் தட்டினார், தள்ளினார், ஜன்னலில் ஏறப் பார்த்தார். கூடாது, கூடாது. பத்து நிமிஷம். சார் முகம் சுருங்கிப்போனது. அடுத்த வாரம் என் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவது எனக்குத் தெரிந்தேவிட்டது.

எனக்குக் காரணம் தெரியும். செருப்போடு எவனாவது வீட்டுக்குள் போவானா என்று, கழட்டினால்தான் உள்ளே விடும்படி எழுதியிருந்தேன். அதைப் போய் ஆடுகிறவருக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. சார் சொன்ன 'ரெண்டு நிமிஷம்' ஞாபகம் வந்தது. "சார்... செருப்பு..." என்றேன்.

கஸ்டமர் என்னைப் பார்த்தார். குனிந்து தன் சாக்ஸ் காலைப் பார்த்தார். 'செருப்பைக் கழட்டு' என்று அடித்தார். கதவு திறந்துகொண்டது. அவர் சிரித்துவிட்டார்.

"நான் மட்டும் ஒழுங்கா கழட்டிட்டு வந்து உட்கார்ந்தேன், இவனைக் கழட்டச் சொல்லத் தோணலையேம்மா எனக்கு!"

வேலை நிலைத்தது, அடுத்ததாகப் பன்னிரண்டு அறை அரண்மனை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள், பன்னிரண்டு வாசலிலும் அவன் செருப்புக்கு நான்தான் பொறுப்பு.