கிணற்றுச் சாவி யாருக்கு

வஹீபா தானாகப் படித்த முதல் கதைப்புத்தகம் சின்னப் பிள்ளைகளுக்கானது. அப்போது அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. சோஹாக் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பெரியவர்களுக்கான எழுத்தறிவு வகுப்புக்கு இரண்டு வருடம் போய்வந்தவள். இறந்த அம்மாவின் பெட்டியில் அதைக் கண்டதும் விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படிக்க உட்கார்ந்தாள்.

கதை அவளுக்கு மனப்பாடம். அண்ணன் ஷஹாத்தா பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய புத்தகம். பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று அப்பா முடித்துவிட்டதால், அவன் படிக்க அவள் வாயைப் பிளந்து கேட்பாள். பேசும் நாரை, மணலுக்கடியில் ஒரு நகரம், மாயக் கிணறு. அண்ணனும் தங்கையும் படாத பாடுபட்டு அதன் சாவியைக் கண்டெடுக்கிறார்கள். கடைசியில் தங்கை சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு அவன் நிழலில் சுகமாக வாழ்கிறாள்.

அப்பா இறந்த பிறகு வந்த காகிதத்தில் வஹீபாவும் அந்தத் தங்கையைப்போலவே பெருவிரலை அழுத்தினாள். நிலம் அண்ணனுக்கு, ஒரு ஜோடி வளையல் அவளுக்கு. அந்த ஊரில் பெண்களுக்கு அதுதான் வழக்கம். முகம் கோணாமல் வாங்கிக்கொண்டால் பெருநாள் தவறாமல் அண்ணன் கூடையோடு வருவான். அண்ணன் வராத வீட்டுக்காரியை ஊர் மதிக்காது.

நாரை வந்தது, நகரம் வந்தது. மூன்றாம் வாரம் கடைசிப் பக்கமும் வந்தது. தங்கை சாவியைக் கொடுக்கவே இல்லை. அவளே கிணற்றைத் திறந்தாள், அவளே நகரத்தை ஆண்டாள். அண்ணன் பக்கத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தான். தன் வாசிப்பில்தான் தப்போ என்று வஹீபா நான்கு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு வயிறெரிந்து அழுதாள்.

பெருநாள் காலை ஷஹாத்தா வந்தான். பலகாரக் கூடைக்குள் ஒரு காகிதமும் மைப்பெட்டியும் இருந்தன. அம்மாவின் ஆறு பேரீச்சை மரங்கள் பாக்கி. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வஹீபாவுக்குச் சேரவேண்டியது இரண்டு.

“நல்ல நாளும் அதுவுமா இத முடிச்சிடலாம் தங்கச்சி. சும்மா ஒரு ரேகை.”

அவள் காகிதத்தை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். “‘என் பங்கு முழுவதையும் பெற்றுக்கொண்டேன்.’ எப்பண்ணே பெத்துக்கிட்டேன்?”

அவன் முகம் வெளுத்தது. “நீ எப்ப படிக்கக் கத்துக்கிட்ட?”

“ரெண்டு வருஷமாச்சு. நீ என்னைக்கு என்னப் பத்திக் கேட்ட?” புத்தகத்தை அவன் முன்னால் போட்டாள். “கடைசிப் பக்கத்த ஏன் மாத்திப் படிச்ச?”

“அட, பல்லு விழுற வயசுல பிள்ளைங்க கதைக்கா இம்புட்டுக் கோவம்?”

“சொல்லுண்ணே.”

அவன் கூடையையே பார்த்தான். “அப்பாதான். பக்கத்து அறையிலேர்ந்து கேட்டுக்கிட்டே இருந்தாரு. அவளுக்கு இப்படிச் சொல்லி வைடான்னாரு. எனக்கு அப்ப பத்து வயசு, வஹீபா.”

பாசத்தில் ஏதோ மாற்றிச் சொல்லியிருப்பான் என்று மனசின் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையும் மண்ணாய்ப் போயிற்று.

“அப்ப பத்து வயசு, சரி. இப்ப?”

அவள் பேனா எடுத்து வந்து அந்த வரிக்குக் கீழே, ‘எதுவும் பெறவில்லை’ என்று கோணல்மாணலாக எழுதித் தன் பெயரையும் எழுதினாள். ஷஹாத்தா அவள் வைத்த தேநீரைத் தொடாமல், கொண்டுவந்த கூடையைத் தூக்கிக்கொண்டு போனான்.

கோர்ட்டுக்கு அலையாய் அலைந்ததில் இரண்டு மரங்களும் அவளுடையவையாயின. அடுத்த பெருநாள் காலை பழக்கதோஷத்தில் இரண்டு தம்ளர் தேநீர் போட்டுவிட்டாள். வாசலைப் பார்த்தபடி இரண்டையும் அவளே குடித்தாள்.